அம்மாவோடு நுவரெலியா போனோம்

என் அம்மாவுக்குக் குதிகால் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது "ஆத்தாடி!" என்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். கோத்தகிரிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைச் சரிவில் நின்றபடியே கொழுந்து பறித்த கால்களாயிற்றே! டாக்டரம்மா, "நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சின்னப் பந்து ஒன்றைப் பாதத்துக்கு அடியில் வைத்து மெதுவாக உருட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

நான் கடைக்குப் போய் ரப்பர் பந்து வாங்கி வருவதற்குள் அம்மா தன் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, எதையோ எடுத்து உருட்ட ஆரம்பித்துவிட்டாள். எலுமிச்சம்பழ அளவில் ஒரு பந்து. கல் மாதிரி கெட்டி. மேலெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். வெள்ளை நிறம் பழுப்பேறிப் போயிருந்தது.

"ஏதும்மா இது?"

"எங்கண்ணன் குடுத்தது. நூரளையில தொரைமாரு அடிக்கிற பந்து."

நூரளை என்றால் நுவரெலியா. இலங்கையின் மலைநாட்டில் இருக்கிற ஊர். தோட்டத்து ஜனங்கள் வாயில் அது நூரளைதான். அம்மா பிறந்தது அந்த ஊருக்குப் பக்கத்தில், நானுஓயா பக்கமுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அவளுடைய தாத்தா காலத்திலேயே இங்கிருந்து போனவர்கள்.

1964-ல் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தோட்டத்துத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கணக்கில் விட்டுப்போன 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். காகிதத்தில் அது எண்ணிக்கை. வீட்டில்? என் தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். மாமாவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் வீட்டார் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தவர்கள். மாமா அங்கேயே நின்றுவிட்டார். 1973-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தபோது அம்மாவுக்குப் பதினெட்டு வயசு. ரயிலேற்றிவிட வந்த அண்ணன் கையில் கொடுத்ததுதான் அந்தப் பந்து.

அதன் பிறகு அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொள்ளவே இல்லை. முதலில் கடிதம், பிறகு எப்போதாவது போன். 2015-ல் மாமாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்தபோது, "ஒரு நடை போயிட்டு வரலாமாடி?" என்று அம்மா கேட்டாள். அப்போது நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். பையன் சின்னவன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றேன். அடுத்த வருஷம் மாமா இல்லை.

அம்மா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால், அந்தப் பந்து பாதத்துக்கடியில் உருளுகிற சத்தம் எனக்குள் என்னவோ செய்தது. என்னவரிடம் சொன்னேன். 2023 டிசம்பர் அரையாண்டு விடுமுறையில், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மா என்று ஐந்து பேராகக் கிளம்பிவிட்டோம். கொழும்பு, கண்டி, நுவரெலியா என்று ஆறு நாள் சுற்றுலா. கண்டியில் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா எல்லாம் பார்த்தோம். அவை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நுவரெலியாவுக்கு வருகிறேன்.

வளைந்து வளைந்து மேலே

கண்டியிலிருந்து வேனில் கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாகப் போனோம். எண்பது கிலோ மீட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனால், வளைவுகளைக் கேட்காதீர்கள்! என் ஒன்பது வயசுப் பெண்ணுக்கு வேன் என்றாலே குமட்டும். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாமென்று இரண்டு இட்லியோடு நிறுத்தினேன். முன் சீட்டில் உட்காரவைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லி, இஞ்சி மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். செல்போனைக் கையில் தரவில்லை. அதிசயமாக ஒன்றும் ஆகவில்லை.

ரம்பொடையில் நீர்வீழ்ச்சி. 109 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அதைத் தாண்டினால் லபுக்கலை. பச்சைக் கம்பளி விரித்த மாதிரி எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலை. முதுகில் கூடை தொங்க, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் வரிசையாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் "சூப்பர்!" என்று படம் எடுத்தார்கள். அம்மா மட்டும், "நெரை ஏத்தமா இருக்கு. ஈர மண்ணுல வழுக்குமே" என்றாள். அவள் கண்ணுக்கு அழகு தெரியவில்லை. அந்தப் பெண்களின் கால்தான் தெரிந்தது.

ஏரியும் புல்வெளியும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். தலைக்கு மேலே நிற்பது இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலை, 2,524 மீட்டர். வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரையே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தாற்போல இந்த ஊரைக் கட்டியிருக்கிறார்கள். செங்கல் நிறத் தபாலாபீஸ், சரிந்த கூரை வீடுகள், விக்டோரியா பூங்கா, கேரட், லீக்ஸ், ஸ்ட்ராபெர்ரி என்று எல்லாமே சீமைச் சாயல்.

நடுவில் இருக்கும் கிரகரி ஏரியும் இயற்கையாக வந்ததில்லை. சதுப்பாகக் கிடந்த இடத்தில் ஓடையை மறித்து, 1873-ல் உண்டாக்கினார்கள். அப்போதைய கவர்னர் வில்லியம் கிரகரியின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஏரிக்கரையில் புல்தரை, பூச்செடி, படகு, மட்டக்குதிரைச் சவாரி எல்லாம் உண்டு. என் பெண் குதிரையை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒரே அடம்! சாயங்காலம் மூடுபனி தண்ணீர் மேலேயே நடந்து வருகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கரை காணாமல் போகிறது.

ஏரியிலிருந்து ஊருக்குள் நடந்தால், நட்ட நடுவே கோல்ஃப் மைதானம். மைதானம் என்றால் கிரிக்கெட் மைதானம் மாதிரி நினைக்காதீர்கள். பெரிய பூங்கா அது. ஓங்கி வளர்ந்த யூகலிப்டஸ், பைன் மரங்கள், இடையிடையே ஓடை, மேடு பள்ளமாக வெட்டிச் சீராக்கிய புல்வெளி. 1889-ல் தொடங்கிய கிளப், இன்னும் நடக்கிறது. விளையாடாதவர்களும் தங்க அங்கே அறைகள் உண்டு. தற்காலிக உறுப்பினராகப் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். எங்களுக்குக் கோல்ஃபின் ஆனா ஆவன்னா தெரியாது. இருந்தும் என்னவர் வேண்டுமென்றே அங்கேதான் இரண்டு ராத்திரிக்கு இடம் பிடித்திருந்தார். அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வேன் உள்ளே திரும்பியதும் அம்மா என் கையைப் பிடித்தாள். "இங்கயா? இதுக்குள்ளயா? நாங்க அந்தா, அந்த வேலிப் பக்கம் நின்னுதான் பார்ப்போம். ஞாயித்துக்கெழமை அண்ணனுக்குச் சோறு கொண்டாந்து குடுப்பேன்."

மாமா வாரம் பூரா தோட்டத்தில் வேலை செய்வார். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, விளையாடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். அந்த வேலைக்குக் கேடி என்று பெயர்.

குழியில் விழும் பந்து

மறுநாள் காலை வராந்தாவில் உட்கார்ந்து ஆட்டத்தை வேடிக்கை பார்த்தோம். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். மொத்தம் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க மேடை. அங்கிருந்து பந்தை அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழியில் தள்ள வேண்டும். எத்தனை குறைவான அடியில் முடிக்கிறோமோ அத்தனை கெட்டிக்காரர்! குழியின் வாய் 108 மில்லி மீட்டர்தான். நம் வீட்டு டபராவின் வாயகலம் இருக்கும். பந்தின் எடை 46 கிராமுக்குள். மேலே இருக்கும் குழிகள் அழகுக்கு இல்லை. அவை காற்றைக் கிழித்துக்கொண்டு பந்து தூரமாகப் பறக்க உதவுகின்றனவாம். வழவழவென்று இருந்தால் சீக்கிரமே விழுந்துவிடுமாம்.

ஓர் ஆள் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பதினெட்டுக் குழியையும் முடிக்க நான்கு மணி நேரம் போல ஆகும். அத்தனை நேரமும் மேட்டிலும் பள்ளத்திலும் நடை. "நம்ம டாக்டரம்மா சொல்ற வாக்கிங்கைத்தான் இவங்க காசு கொடுத்துச் செய்றாங்க" என்றார் என்னவர். அம்மா, "பையைத் தூக்கிட்டு நடக்குறவனுக்கும் அதே நடைதான். அவனுக்குக் காசு குடுத்தாக" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்!

இங்கே ஒரு எச்சரிக்கை. என் பையன் புல்லில் கிடந்த பந்தைப் பார்த்ததும் எடுக்க ஓடிவிட்டான். தூரத்திலிருந்து ஒரு கேடி "தம்பீ! ஓரம் போ!" என்று கத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பந்து தலையில் பட்டால் மண்டை பிளந்துவிடும். ஆட்டம் நடக்கும்போது பிள்ளைகளைப் புல்வெளியில் விடவே கூடாது. அனுமதி கேட்டுக்கொண்டு ஓரப்பாதையில்தான் நடக்க வேண்டும்.

மைதானத்து எல்லையில் ஒரு பழைய இங்கிலீஷ்காரக் கல்லறையும் இருக்கிறது. ரோஜர்ஸ் என்ற ராணுவ மேஜர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவராம். 1845-ல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் கல்லறை மீதும் இடி விழுந்தது என்று ஊரில் கதை சொல்கிறார்கள். "யானைப் பாவம் சும்மா விடுமா?" என்றாள் அம்மா.

காலை ஆட்டம் முடிந்தபின், கேட்டுக்கொண்டு, அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்வெளி ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தாள். பனி ஈரம். "சளி பிடிக்கும்மா" என்றேன். "குதிகால் வலிக்கவே இல்லடி, மெத்து மெத்துன்னு இருக்கு" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

அத்தை வந்தாள்

அன்று மத்தியானம் மாமாவின் மனைவி, என் அத்தை, நானுஓயாப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தாள். தோட்டத்துக்கு நாங்களே வருகிறோம் என்றதற்கு, "மழைப் பாதை, மதினியால ஏற முடியாது, நானே வாறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். கூடவே பேரன். சாயம் போன ஸ்வெட்டர், தலையில் துண்டு. கல்யாணப் பெண்ணாக அம்மா பார்த்துவிட்டு வந்த முகம். கேட்டுக்கு வெளியே ரோட்டோரமே நின்றாள்.

"உள்ளே வாங்க அத்தை."

"வேணாம் தாயி. நாம ஏரிப் பக்கம் போய் உக்காந்து பேசுவோம். இதுக்குள்ள எல்லாம் நாங்க வாறதில்ல."

அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழவும் இல்லை, பேசவும் இல்லை. தூற்றல் ஆரம்பித்தது. வாசல் காவலாளி தமிழ் ஆள். குடையோடு வந்து, "யாரைப் பார்க்கணும்மா?" என்று கேட்டார்.

அம்மா நிமிர்ந்து சொன்னாள்: "யாரையும் பார்க்க வேணாம் தம்பி. நாங்க இங்கதான் தங்கியிருக்கோம். இது எங்க அண்ணன் பொஞ்சாதி. டீ குடிக்க வந்திருக்காக."

"அதுக்கென்ன, கூட்டிட்டுப் போங்க. மழையில நிக்காதீங்க."

அவ்வளவுதான். வேறு ஒன்றுமே நடக்கவில்லை. ஐம்பது வருஷமாக வேலிக்கு வெளியே நின்ற இரண்டு பேர், கையைக் கோத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

வெள்ளைக் கோப்பையில் டீ வந்தது. அத்தை முகர்ந்து பார்த்து, "நல்ல சரக்கு. எங்களுக்கு லயத்துல தூள்தான்" என்று சிரித்தாள். அப்புறம் பேச்சு பெருகியது. மாமா முட்டி தேயும்வரை ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தாராம். கடைசி நாட்களில் கட்டிலில் இருந்தபடி, "தங்கச்சி வந்தா கோல்ஃப் பக்கம் கூட்டிப் போய்க் காட்டு" என்று சொன்னாராம். அதைக் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா மேஜைக்கடியில் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அத்தையின் மருமகளும் கொழுந்துதான் பறிக்கிறாள். கேட்கிற கிலோவைப் பறித்துக் கொடுத்தால் அப்போது, 2023-ல், நாளுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தது, இலங்கைக் காசில். நாங்கள் அந்த அறைக்கு இரண்டு ராத்திரிக்குக் கொடுத்த பணத்துக்கு அவள் எத்தனை நாள் மலையேற வேண்டும் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. வெளியே சொல்லவில்லை. சுற்றுலா வந்த இடத்தில் எத்தனையோ அழகு பார்த்தோம். இந்தக் கணக்கும் எங்களோடு ஊருக்கு வந்தது.

புறப்படும்போது அம்மா முடிச்சை அவிழ்த்து அந்தப் பழைய பந்தை எடுத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்தது எனக்கே தெரியாது! "அண்ணன் குடுத்தது மதினி. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று நீட்டினாள். எனக்குத் தொண்டையை அடைத்தது.

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்கு எதுக்கு மதினி? ஓடையிலயும் புதர்லயும் பொறுக்கினது வீட்டுல ஒரு வாளி கெடக்கு. புள்ளைக எல்லாம் அதை வச்சுத்தான் வெளையாடுறாக. நீங்களே வச்சு காலை உருட்டுங்க!"

எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரித்துச் சிரித்துத்தான் கடைசியில் அழுதாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு. அதிகாலையில் நல்ல குளிர். ஏப்ரலில் மலர்க்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஊரே திருவிழா. கூட்டமும் வாடகையும் அப்படியே. மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்படும். பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். விசா அனுமதியை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் காதை மூடும் குல்லா, சாக்ஸ், ஸ்வெட்டர் அவசியம். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் எப்போதும் கையில் இருக்கட்டும். ஈரமான புல், புதர்களில் அட்டை இருக்கும். கடித்தால் பதறிப் பிடுங்காமல், நகத்தால் ஓரமாக நெம்பி எடுத்துவிட்டு, சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

சந்தையில் லீக்ஸ் வாங்கிச் சமைத்துப் பாருங்கள். வெங்காயத்தாள் இனம்தான், தண்டு பருமன். மடிப்புக்குள் மண் ஒளிந்திருக்கும். நீளவாக்கில் பிளந்து அலசுங்கள். பொடியாக நறுக்கி, கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து வதக்கி, வெந்த பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் சோற்றுக்கு அருமையான பொரியல். அத்தை சொல்லிக் கொடுத்தது.

குதிகால் வலிக்காரர்கள் பந்தை உட்கார்ந்தபடிதான் உருட்ட வேண்டும். ஒரு காலுக்கு இரண்டு நிமிஷம் போதும். அதன் மேல் ஏறி நிற்காதீர்கள். சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் எப்போதாவது ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். இலங்கையாக இருக்க வேண்டுமென்பதில்லை. பக்கத்துத் தாலுகாவாகவும் இருக்கலாம். அந்தப் பெயரைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். "அடுத்த வருஷம்" என்று நான் சொன்ன மாதிரி நீங்கள் சொல்லாதீர்கள், சகோதரிகளே. அவர்கள் கால் நடக்கும்போதே கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவும் அத்தையும் போனில் பேசுகிறார்கள். முதல் கேள்வியே, "குதிகால் எப்படி இருக்கு மதினி?" என்பதுதான்.